கூரை ஏன் பிரிந்தது என்று காட்டிவிட்டு வேலையைத் தொடங்கிய ஓடாவியார்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையின் கிழக்குக் கரையை நெருங்கிய இரவில், மட்டக்களப்பின் கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக் கூரையின் வடகிழக்கு மூலை பிரிந்தது. முகட்டிலிருந்து தாழ்வாரம் வரை ஓடுகள் சரிந்தன. குசினிக்கு மேலிருந்த அஸ்பெஸ்டஸ் சீற்றுகளில் இரண்டு வெடித்தன. நடு அறையின் சீலிங் பலகைகள் கழன்றன. அதே புயலில் மலையகத்தில் மண்சரிவுக்குள் குடும்பம் குடும்பமாக மக்கள் புதைந்துபோனதை நினைக்கும்போது, எங்களுக்கு நேர்ந்ததை இழப்பு என்று சொல்லவே மனம் கூசுகிறது. ஆயினும் எண்பது வயதைக் கடந்த அம்மாவை வைத்துக்கொண்டு, மாரி மழை முழுவதும் பெய்யக் காத்திருக்கும் மாதத்தில், வானம் தெரியும் கூரையின் கீழ் இருப்பது எளிதான காரியமல்ல. அந்தக் கூரையை நாங்கள் இருமுறை திருத்த வேண்டியிருந்தது. முதல் திருத்தம் பதினொரு நாட்கள் தாங்கியது. இரண்டாவது திருத்தம் ஜனவரி முதல் வாரத்தில் முடிந்தது. அதன் பிறகு பெய்த மழை எதிலும் ஒரு சொட்டுக்கூட உள்ளே விழவில்லை. இந்த இரண்டாவது வேலையைச் செய்த ஆரையம்பதிப் பக்கத்து ஓடாவியாரையும் (தச்சரையும்) அவரோடு வந்த இரண்டு உதவியாளர்களையும் பற்றியே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். அவர் கடை வைத்திருப்பவரல்லர், தனி மனிதர். ஆகையால் பெயரையோ தொலைபேசி இலக்கத்தையோ பொதுவில் எழுதுவது முறையல்ல என்று கருதுகிறேன். அவர் செய்த வேலையின் விபரம் தெரிந்தால், வேறு எந்த ஓடாவியை அழைத்தாலும் அவரிடம் எதைக் கேட்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்குப் புலப்படும்.

முதலில் வந்த குழுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புயலுக்கு மூன்றாம் நாள் வீதியால் வந்து, சேதமடைந்த வீடுகளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டவர்கள் அவர்கள். மழை மீண்டும் தொடங்குமுன் மூடிவிட வேண்டும் என்ற அவசரத்தில் நாங்களும் சம்மதித்தோம். வீட்டுக்குள் நுழைந்து கூரையின் அடிப்பக்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை. உடைந்த ஓடுகளை எடுத்து, கையில் கிடைத்த ஓடுகளை வைத்து, முகட்டின் மேல் சீமெந்துக் கலவையைக் கனமாக அப்பிவிட்டு, பிற்பகல் மூன்று மணிக்குள் பணத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். டிசம்பர் நடுப்பகுதியில் வாடைக் காற்றோடு மழை அடித்த ஓர் இரவில், அந்தச் சீமெந்து முழுத் துண்டாகப் பிளந்து சரிந்து, கீழிருந்த ஐந்து ஓடுகளையும் உடைத்துக்கொண்டு முற்றத்தில் விழுந்தது. அம்மாவின் கட்டில் அன்று விறாந்தைப் பக்கத்து அறையில் இருந்தது நாங்கள் செய்த புண்ணியம்.

அன்றிரவு மின்விசிறியின் தண்டு வழியாகத் தண்ணீர் வடிந்தது. கூரை ஒழுகும் வீட்டில் முதலில் செய்ய வேண்டியது மெயின் சுவிட்சை நிறுத்துவதுதான். அறுந்த கம்பியோ சாய்ந்த மின்கம்பமோ கண்ணில் பட்டால் கிட்டப் போகாமல் மின்சார சபையின் 1987 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். மறுநாள் பக்கத்து வீட்டுத் தம்பிமார் வந்து படங்கு (தார்ப்பாய்) கட்டித் தந்தார்கள். படங்கை ஓட்டை இருக்கும் இடத்தில் மட்டும் விரித்தால் மேலிருந்து வரும் தண்ணீர் அதன் அடியால் புகுந்துவிடும். முகட்டைத் தாண்டி மறுபக்கம் வரை இழுத்து, ஓரங்களில் மண் நிரப்பிய சாக்குகளைக் கட்டித் தொங்கவிட வேண்டும். செங்கல்லை வைத்தால் காற்றில் அது உருண்டு மேலும் நாலு ஓடுகளை உடைக்கும்.

ஓடாவியார் வந்தது அதற்கு இரண்டு நாட்களின் பின். எங்கள் பாடசாலையில் என்னோடு படிப்பிக்கும் ஆசிரியை ஒருவரின் வீட்டுக்கு வேலை செய்தவர் என்ற அறிமுகத்தில் வந்தார். ஏணியைக் கேட்பார் என்று நினைத்து எடுத்து வைத்திருந்தேன். அவரோ டோர்ச் லைட்டைக் கேட்டார். சீலிங்கின் மேல் ஏறி, கிட்டத்தட்ட ஒன்றரை மணித்தியாலம் கூரையின் அடியில் தவழ்ந்து பார்த்தார். இறங்கி வந்ததும் நடு அறையில் என்னை நிறுத்தி, கழன்றிருந்த சீலிங் பலகைகளைக் காட்டினார். அவை கீழே தொங்கவில்லை. சட்டத்தை விட்டு மேல்நோக்கித் தள்ளப்பட்டு, கூரையைத் தாங்கும் சரிவு மரங்களான கைமரங்களின் மேல் சாய்ந்து கிடந்தன. மூன்று கிழமையாக அந்த அறையில் நடமாடிய எனக்கு அது கண்ணில் படவில்லை. "மேலால வந்த காத்து புடுங்கல்ல டீச்சர், உள்ளுக்குப் பூந்த காத்துதான் தள்ளியிருக்கு" என்றார். பிறகு ஒவ்வோர் அறையாக நடந்து, கடற்பக்கம் பார்த்த பழைய மர யன்னலைத் தொட்டுப் பார்த்து, அதன் கொண்டி ஒரே ஓர் ஆணியில் ஆடுவதைக் காட்டினார். புயல் இரவில் அந்த யன்னல் அடித்துத் திறந்ததும், அதைச் சாத்த நான் போராடியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் விளக்கியதை என் சொற்களில் எழுதுகிறேன். பலத்த காற்று கூரையின் சரிவின் மேல் பாய்ந்து செல்லும்போது முகட்டுக்கு அருகிலும் மூலைகளிலும் தாழ்வார ஓரங்களிலும் அழுத்தம் குறைந்து, கூரையை மேல்நோக்கி உறிஞ்சும் விசை ஒன்று உண்டாகிறது. வீடு அடைத்திருந்தால் கூரை அந்த உறிஞ்சலை மட்டும் தாங்கினால் போதும். காற்று வரும் பக்கத்தில் ஒரு யன்னலோ கதவோ திறந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்று வெளியேற வழியில்லாமல் கூரையை அடியிலிருந்தும் தள்ளுகிறது. இழுப்பும் தள்ளலும் ஒரே நேரத்தில் சேரும்போது, தன் எடையால் மட்டும், கைமரங்களின் குறுக்கே அடித்த சலாகையில் குந்தியிருக்கும் ஓடு நிற்காது. ஆகவே, கூரையைத் திருத்துவதற்கு முன் அந்த யன்னலின் கொண்டியைத் திருத்த வேண்டும் என்பது அவருடைய முதல் நிபந்தனையாக இருந்தது. கூரை வேலைக்கு வந்தவர் யன்னலிலிருந்து தொடங்கியதைக் கண்டு எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது உண்மை. இன்று அந்தக் கொண்டியைத் தினமும் சாத்தும்போது அவருடைய வரிசை சரியென்றே படுகிறது.

அடுத்து அவர் காட்டியது ஓர் ஆணி. சலாகையைக் கைமரத்தோடு பிணைத்திருந்த பழைய ஆணிகளில் ஒன்றை, ஆயுதம் எதுவுமில்லாமல், இரண்டு விரலால் இழுத்து எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். தலை இருந்த இடத்தில் செந்தூள் மட்டும் இருந்தது. உடல் நடுவில் தையல் ஊசியளவு மெலிந்திருந்தது. விரலால் தேய்த்ததும் அதுவும் இரண்டாக ஒடிந்தது. எங்கள் வீடு 1984இல் அப்பா கட்டியது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட கல்லடியில் நாற்பது வருடங்களாக உப்புக் காற்றைக் குடித்த ஆணிகள் அவை. கைமரங்கள் முதிரை, அவற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. மரம் நன்றாக இருக்கிறதே என்று நாங்கள் நிம்மதியாக இருந்த காலம் முழுவதும், அந்த மரங்களைப் பிடித்திருந்த இரும்பு தூளாகிக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்றாவது குறை எல்லாவற்றிலும் பெரியது. கைமரங்களைத் தாங்கிச் சுவரின் தலையில் கிடக்கும் மரமான வளை, சுவரோடு எந்தக் கம்பியாலும் பிணைக்கப்பட்டிருக்கவில்லை. சாந்து வைத்து அதன் மேல் குந்த வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். வடகிழக்கு மூலையில் வளைக்கும் சுவருக்கும் இடையில் என் சுண்டுவிரல் நுழையும் அளவு இடைவெளி விழுந்திருந்தது. அதாவது அன்றிரவு போனது ஓடு மட்டுமல்ல. கூரை முழுவதுமே ஒருமுறை எழும்பி மீண்டும் இருந்திருக்கிறது. முதல் குழு இதை மூடி அதன் மேல் சீமெந்து அப்பியிருந்தது என்பதை அறிந்தபோது எனக்குக் கை நடுங்கியது.

மட்டக்களப்பில் 1978 நவம்பர் 23 சூறாவளியை மறந்த வீடு இல்லை. ஓடாவியாரின் தகப்பனாரும் ஓடாவி. அந்தச் சூறாவளிக்குப் பிறகு களுவாஞ்சிகுடி வரை வீடு வீடாகக் கூரை போட்டவர். தானும் சிறு பிள்ளையாக அவரோடு போய் ஆணி பொறுக்கியதாகச் சொன்னார். அதைக் கேட்டு அம்மாவும் எழுந்து வந்து உட்கார்ந்தார். "தம்பி, எழுபத்தெட்டுல வாடைப் பக்கத்தால அடிச்சி ஓஞ்ச புறகு, முடிஞ்சிது எண்டு வெளிய வந்தாக்கள்தான் அம்பிட்ட. மற்றப் பக்கத்தால புறகு வந்திச்சி" என்றார். புயலின் கண் கடக்கும் இடத்தில் காற்றின் திசை தலைகீழாக மாறும் என்பதை அம்மா தன் அனுபவத்தில் சொன்னார். அதைக் கேட்டுத்தானோ என்னவோ, ஓடாவியார் சேதமான வடகிழக்கு மூலையோடு நிற்காமல் நான்கு பக்கத்து வளையையும் பிணைக்க வேண்டும் என்றார். செலவு கூடுமே என்று நான் தயங்கியபோது, அம்மாதான் செய்யச் சொன்னார்.

பிணைப்பு வேலையை இரண்டு நாள் ஒரு மேசனை அழைத்துச் செய்தார்கள். நாலடிக்கு ஒன்றாகச் சுவரின் உட்பக்கத்தில், வளையிலிருந்து யன்னல் தலைக்கு மேலுள்ள லிண்டல் கொங்கிரீட் வரை பள்ளம் வெட்டி, 10 மில்லிமீற்றர் கம்பியை லிண்டலின் கம்பியோடு கொளுவி, மேலே கொண்டுவந்து வளையைச் சுற்றி மடக்கிக் கொங்கிரீட் இட்டு அடைத்தார்கள். லிண்டல் வரை இறக்கியதன் காரணத்தையும் விளக்கினார்: மேல் இரண்டு வரிசைக் கல்லோடு மட்டும் கட்டினால் காற்று அந்தக் கல்லையும் சேர்த்துத் தூக்கிவிடும், லிண்டலோடு கட்டினால் அதற்கு மேலுள்ள சுவரின் பாரம் முழுவதும் கூரையைப் பிடித்துக்கொள்ளும். அதன் பின் ஒவ்வொரு கைமரத்தையும் வளையோடு நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டுப் பட்டியால் சுற்றி, பக்கத்துக்கு நாலு ஆணியாக அடித்தார். வளையும் கைமரமும் சந்திக்கும் இடத்தில் மேலிருந்து குத்தாக அடித்த ஆணி, தூக்கும் விசைக்கு எதிராக அநேகமாக எந்தப் பிடியும் தராது என்பதை ஒரு மரத்துண்டில் அடித்து இழுத்தே காட்டினார். பட்டியில் பக்கவாட்டாக அடித்த ஆணியை அவ்வாறு இழுக்க முடியவில்லை.

விறாந்தை விடயத்தில் எங்களுக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. வீட்டுக் கூரையின் சரிவே நீண்டு விறாந்தையையும் மூடியிருந்தது. மூன்று பக்கமும் திறந்த விறாந்தையின் அடியில் காற்று புகுந்தால் அந்தப் பகுதிதான் முதலில் எழும்பும், எழும்பும்போது வீட்டுக் கூரையையும் இழுத்துக்கொண்டு போகும், ஆகவே இரண்டையும் வெட்டிப் பிரித்து விறாந்தைக்குத் தனிக் கூரை போட வேண்டும் என்றார். வீட்டின் முகமே மாறிவிடும் என்று அம்மா மறுத்தார். இரண்டு நாள் அந்தப் பேச்சு இழுபட்டது. கடைசியில், வெளியிலிருந்து பார்த்தால் சரிவு முன்போலவே தெரியும்படி, உள்ளே கைமரங்களை மட்டும் வெட்டி, விறாந்தைக் கைமரங்களைத் தனி மரத்தில் தாங்க வைத்து முடித்தார். ஓடுகள் தொடர்ச்சியாகத் தெரிகின்றன. மரங்கள் ஒன்றையொன்று தொடவில்லை. இதை யோசித்துச் செய்ய எடுத்த அக்கறைக்காகவே அவரை இன்னொருவருக்குத் தயங்காமல் சொல்வேன்.

இனி ஓடுகள். இறக்கிய ஓடுகளை முற்றத்தில் அடுக்கி, ஒவ்வொன்றையும் இடக்கையில் தொங்கவிட்டு வலக்கை விரல் முட்டியால் தட்டினார். நல்ல ஓடு வெண்கலக் கிண்ணத்தைப் போல ஓசை தந்தது. மயிர் வெடிப்புள்ள ஓடு, கண்ணுக்கு எந்தக் குறையும் தெரியாதபோதும், பலகையைத் தட்டியது போல அடைத்த சத்தம் தந்தது. முதல் குழு கூரையில் வைத்துவிட்டுப் போன ஓடுகளில் பாதிக்கு மேல் இந்தச் சத்தத்தில் கழிந்தன. அம்மா கதிரையைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்து, பத்தாவது ஓட்டுக்குப் பிறகு ஓடாவியாருக்கு முன்பே நல்லது, கூடாது என்று சொல்லத் தொடங்கிவிட்டார்.

குறைந்த ஓடுகளை வாங்குவதில் நாங்கள் கற்றது ஒன்று உண்டு. ஓட்டின் அளவும், ஒன்றோடொன்று பொருந்தும் வரம்பும் தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை சற்றே வேறுபடும். தங்கொட்டுவ, வாய்க்கால் ஆகிய ஊர்ப் பக்கத்து ஓடுகள்தான் பெரும்பாலும் இங்கே வருகின்றன. ஆனால் ஒரு தொழிற்சாலையின் ஓட்டை இன்னொன்றின் ஓட்டுக்கு அருகில் வைத்தால் இரண்டுக்கும் இடையில் நூல் நுழையும் இடைவெளி விழக்கூடும், காற்றோடு அடிக்கும் மழைக்கு அது போதும். ஆகையால் பழைய ஓடு இரண்டைச் சாக்கில் போட்டு என்னிடம் தந்து, கடையில் வைத்துப் பொருத்திப் பார்த்த பிறகே வாங்க வேண்டும் என்றார். திருமலை வீதியில் நான் போன ஹாட்வெயார் கடைக்காரர் முகம் சுளிக்காமல் நிலத்தில் விரித்துப் பொருத்திப் பார்க்க இடம் தந்தார். மிஞ்சிய முப்பது ஓட்டையும் திருப்பி எடுத்துக்கொண்டார். புதிய ஓடுகள் பளிச்சென்ற சிவப்பு, பழையவை பாசி பிடித்துக் கறுத்தவை. ஓடாவியார் புதியவற்றை எல்லாம் பின்பக்கச் சரிவில் வைத்து, அங்கிருந்த பழைய ஓடுகளை முன்பக்கத்துக்கு மாற்றினார். வீதியால் போகிறவர்களுக்கு வீடு பழையபடியே தெரிகிறது.

ஓட்டின் அடியில் துளையோடு ஒரு சிறு கொழுக்கி இருப்பதை நாற்பது வருடம் ஓட்டு வீட்டில் வாழ்ந்தும் நான் அறிந்திருக்கவில்லை. கம்பியால் சலாகையோடு கட்டுவதற்காகத்தான் அந்தத் துளை. எங்கள் வீட்டில் ஓர் ஓடும் கட்டப்பட்டிருக்கவில்லை. தாழ்வாரத்தின் கடைசி இரண்டு வரிசை, முகட்டை ஒட்டிய வரிசை, இரு பக்கத்து ஓரங்கள் ஆகிய இடங்களில் ஒவ்வோர் ஓட்டையும், மற்ற இடங்களில் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையும் செப்புக் கம்பியால் கட்டினார்கள். சாதாரணக் கட்டுக் கம்பி மலிவு; கடற்கரையில் அது சில வருடங்களில் அறுந்துவிடும் என்பதால் செம்பைத்தான் வாங்கச் சொன்னார். முகட்டோடுகளுக்குச் சீமெந்து மட்டும் போடாமல், ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் என்று கலந்தார். வெறும் சீமெந்து இறுகிக் கல்லாகி, கூரை வெயிலில் விரிந்து சுருங்கும்போது பிளக்கும். சுண்ணாம்பு சேர்ந்தால் சற்று இணங்கிக் கொடுக்கும். மூன்று நாள் நனைந்த சாக்கு போர்த்தி வைத்தார்கள்.

குசினியின் அஸ்பெஸ்டஸ் சீற்றை அகற்றிய விதத்தில் மதிப்பெண்ணைச் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கிறது. அஸ்பெஸ்டஸ் தூசு நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பதில் ஐயமில்லை. சீற் கூரையில் முழுதாக இருக்கும் வரை அபாயம் குறைவு, உடைக்கும்போதும் அறுக்கும்போதுமே இழைகள் காற்றில் பரவுகின்றன. ஓடாவியார் இதை அறிந்திருந்தார்: சீற்றுகளைத் தண்ணீர் தெளித்து நனைத்த பின்னரே, போல்ட்டுகளைக் கழற்றி, முழுதாக இறக்கச் சொன்னார். ஆனால் அவர் முன்பக்கத்தில் நின்ற நேரத்தில் ஓர் இளைஞர் இறுகிய போல்ட்டைக் கழற்றப் பொறுமையின்றிச் சுத்தியலால் சீற்றை உடைக்கத் தொடங்கினார். சத்தம் கேட்டு அவர் ஓடி வந்து தடுத்துவிட்டார் என்றாலும், மதியத்துக்குப் பிறகு உதவியாளர்கள் இருவரும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டே வேலை செய்தார்கள். இளம் பிள்ளைகள், அவர்களுடைய நெஞ்சு இன்னும் நாற்பது வருடம் மூச்சுவிட வேண்டியது. இதில் அவர் கண்டிப்பாக இருக்க வேண்டும் என்று நேரிலும் சொன்னேன், இங்கும் எழுதுகிறேன். உடைந்த துண்டுகளைப் பொலித்தீனில் சுற்றிக் கட்டி வைத்து, எங்கே கொடுப்பது என்று மாநகர சபையில் விசாரித்த பின்னரே அகற்றினோம்.

அதற்குப் பதிலாகப் போட்டது நாகமும் அலுமினியமும் பூசிய தகடு, ஊரில் அமானோ சீற் என்பார்கள். தகடுகளைத் தென்மேற்கு முனையிலிருந்து அடுக்கத் தொடங்கினார். அப்படிச் செய்தால் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் வாய், வாடைக் காற்றுக்கு முதுகு காட்டும். ரப்பர் வளையமுள்ள திருகாணிகளை அலையின் மேட்டில் அடித்தார், பள்ளத்தில் அடித்தால் தண்ணீர் தேங்கி இறங்கும். ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். தகட்டின் குறை, மழை பெய்தால் குசினியில் பேச்சுக் கேட்காது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெக்கையும் கூடும் என்று முன்கூட்டியே எச்சரித்திருக்கிறார்.

மொத்த வேலைக்கு ஆறு நாள் ஆனது. ஆனால் அந்த ஆறு நாள் பதினெட்டு நாளுக்குள் சிதறிக் கிடந்தது. மழை முகில் கண்ட நாளில் அவர் கூரையைத் திறக்கவே இல்லை. திறந்த நாட்களிலும் அன்று மாலைக்குள் மூடக்கூடிய அளவை மட்டுமே திறந்தார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால், வராத நாட்களில் வரமாட்டேன் என்று காலையில் ஓர் அழைப்பு எடுத்திருக்கலாம். இரண்டு முறை பாடசாலைக்கு விடுமுறை போட்டுவிட்டுக் காத்திருந்தேன். தொடக்கத்தில் எழுத்தில் மதிப்பீட்டுக் கணக்குத் தரவில்லை என்பதும் குறையே. வேலை நடக்க நடக்கச் செலவு கூடியது. ஒவ்வொரு கூடுதலுக்கும் காரணம் இருந்தது, கேட்ட பிறகே செய்தார், ஆயினும் கையில் அளவாகப் பணம் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது சிரமம். ஓடாவியாருக்கு நாள் ஒன்றுக்கு 4,500 ரூபா, உதவியாளர் ஒவ்வொருவருக்கும் 3,000 ரூபா. ஆறு நாளுக்கும் கூலி 63,000 ரூபா. மேசனின் கூலி தனி. சாமான் செலவு கூலியைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. சாமான்களின் பில் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் ஒட்டி, வேலை முடிந்த அன்று அம்மாவின் கையில் கொடுத்தார். அந்தக் கொப்பியும், திருத்துவதற்கு முன் அவர் எடுக்கச் சொன்ன படங்களும் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுதியபோது மிகவும் உதவின. கிராம உத்தியோகத்தர் வந்து பார்க்கும் வரை உடைந்த ஓடுகளை வளவின் மூலையில் அப்படியே வைத்திருக்கச் சொன்னவரும் அவர்தான்; முதல் முறை அவசரப்பட்டு எல்லாவற்றையும் அள்ளி எறிந்திருந்தோம்.

முற்றத்தைத் துப்புரவு செய்ததில் கவனம் போதாது. பழைய ஆணிகள் மணலுக்குள் கிடந்து என் சைக்கிள் ரியூப்பை இரண்டு முறை குத்தின. அம்மாவின் குரோட்டன் செடிகள் இரண்டு ஏணியின் கீழ் நசிந்தன. வெறுங்காலோடு நடக்கும் வீடுகளில், வேலை முடிந்ததும் காந்தம் கட்டிய தடியால் மணலைக் கிளறச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

வேலை முடிந்த மாலையில், நான் கேளாமலேயே, தண்ணீர்க் குழாயை எடுத்துக் கூரையை நனைத்துக் காட்டினார். தாழ்வாரத்திலிருந்து தொடங்கி, ஒரு வரிசைக்குச் சில நிமிடம் நின்று, மெதுவாக முகட்டை நோக்கி ஏறினார். அப்படிக் கீழிருந்து போனால்தான் ஒழுகும் வரிசை எதுவென்று பிடிபடும். முதலிலேயே முகட்டில் ஊற்றினால் எல்லா இடமும் ஒன்றாக நனைந்து ஒன்றும் தெரியாது. நான் உள்ளே சீலிங்கின் மேல் டோர்ச்சோடு இருந்தேன். பின்பக்கச் சரிவில் ஓரிடத்தில் சலாகையில் ஈரம் தெரிந்து, குரல் கொடுத்தேன். இருட்டத் தொடங்கியும் ஏறி, அந்த ஓட்டை எடுத்து வேறு ஓடு வைத்துக் கட்டிவிட்டுத்தான் இறங்கினார். தைப்பொங்கலை ஒட்டிப் பெய்த மழைக்கும், பெப்ரவரியில் இரவில் அடித்த மழைக்கும் நான் எழுந்து சீலிங்கைப் பார்த்தேன். எல்லாம் உலர்ந்தே இருந்தது. அம்மா தன் கட்டிலை மீண்டும் நடு அறைக்கே மாற்றச் சொல்லிவிட்டார்.

இரண்டு ஓடு வழுகியிருக்கிறது, நாளைக்கே வந்து மாற்றித் தாருங்கள் என்று கேட்கிறவர்களுக்கு இவர் பொருத்தமானவரல்லர். இவர் வந்தால் கூரை முழுவதையும் பார்ப்பார், பார்த்ததைச் சொல்லாமல் விடமாட்டார், நாள் எடுப்பார். கடற்கரையை அண்டி, ஆணி மாற்றாத பழைய ஓட்டு வீட்டில் இருப்பவர்கள், அடுத்த ஐப்பசி வருமுன் இப்படியொருவரை வீட்டுக்குள் அழைத்து, சீலிங்கின் மேல் ஏற்றி, வளையும் சுவரும் எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் முன்பக்கத்தில் மழைநீரை ஏந்தும் பீலி மட்டும் இன்னும் பொருத்தப்படவில்லை. தகட்டுப் பீலிக்குச் சொல்லியிருப்பதாகவும், சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கிழமையில் வந்து பூட்டித் தருவதாகவும், அப்போதே கட்டுக் கம்பிகளையும் ஒருமுறை தொட்டுப் பார்ப்பதாகவும் சொல்லியிருக்கிறார். அந்த வேலைக்கான கூலியை அவர் இன்னும் வாங்கவில்லை.